மணிலாவின் கிறிஸ்துமஸ் சினிமா விழா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காக மணிலாவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், டவாவோவில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள், ஊரில் இருந்தபடியே உலக சினிமா பார்க்கும் நண்பர்கள் என மூன்று தரப்பும் டிசம்பர் பிறந்ததும் மெட்ரோ மணிலா திரைப்பட விழாவைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதிச் சலித்துப்போனதால் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. கீழே எம்எம்எஃப்எஃப் என்று சுருக்கமாக எழுதுவது இந்த விழாவைத்தான்.

எம்எம்எஃப்எஃப்னா என்னங்க? கான், கோவா மாதிரி ஒரு ஃபிலிம் ஃபெஸ்டிவலா?

இல்லை. கானிலும் கோவாவிலும் பாஸ் வாங்கி, வரிசையில் நின்று, பல நாட்டுப் படங்களைப் பார்ப்போம். அதில் பாதிப் படங்கள் பிறகு நம் ஊர்த் தியேட்டர் பக்கமே வராது. இங்கே கதை வேறு. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 25 அன்று எட்டோ பத்தோ பிலிப்பினோ படங்கள் நாடு முழுக்க ஒரே நாளில் ரிலீஸாகின்றன. ஜனவரி முதல் வாரம் வரை திரைகள் அவற்றுக்குத்தான். பாஸ் கிடையாது, மாலுக்குப் போய் டிக்கெட் எடுத்துப் பார்க்க வேண்டியதுதான். இடையில், பெரும்பாலும் டிசம்பர் 27 அன்று, விருது இரவு நடக்கும். அதன் பெயர் கபி நங் பரங்கால்.

நம் தீபாவளி ரிலீஸோடு ஒரு நடுவர் குழுவையும் ஓர் ஊர்வலத்தையும் சேர்த்து, வெளிப்படங்களுக்கு இரண்டு வாரம் கதவைச் சாத்தினால் என்ன ஆகுமோ, அதுதான் எம்எம்எஃப்எஃப். என்னைக் கேட்டால், இது விருதும் கொடுக்கும் ஒரு சந்தை. கலை விழா என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் ஒவ்வொரு சர்ச்சையும் விசித்திரமாகத் தெரியும். சந்தை என்று பார்த்தால் பாதிச் சண்டைக்குக் காரணம் தானாகப் புரிந்துவிடும்.

சரி, அது ஏன் கிறிஸ்துமஸ் அன்னிக்கே? பண்டிகை நாள்ல யாரு தியேட்டருக்கு வருவா?

பண்டிகை நாளில்தான் வருவார்கள். பிலிப்பைன்ஸில் கிறிஸ்துமஸின் முக்கியமான குடும்ப விருந்து 24-ஆம் தேதி நள்ளிரவிலேயே முடிந்துவிடும். மறுநாள் பிள்ளைகள் ஞானத்தாய் தந்தையர் வீடுகளுக்குப் போய், கையை நெற்றியில் ஒற்றி ஆசி வாங்கி, அகினால்டோ என்கிற பண அன்பளிப்பையும் வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பணத்தோடு நேராக மாலுக்குத்தான் கிளம்புவார்கள்.

பெரியவர்கள் கையிலும் அப்போது காசு இருக்கும். தனியார் ஊழியர்களுக்கு 13-ஆம் மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். டிசம்பர் 24-க்குள் கொடுத்தாக வேண்டும். அந்த ஆணை வந்ததும் 1975-இல்தான், எம்எம்எஃப்எஃப் தொடங்கியதும் 1975-இல்தான். ஒன்றுக்காக மற்றொன்று வந்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனால் வருடத்தில் குடும்பம் மொத்தமாகத் தியேட்டருக்குச் செலவழிக்கக்கூடிய வாரம் எது என்று தயாரிப்பாளர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அந்த ரெண்டு வாரம் ஹாலிவுட் படமே ஓடாதாமே, உண்மையா?

உண்மை. 2021 டிசம்பர் நடுவில் உலகமே "ஸ்பைடர்-மேன்: நோ வே ஹோம்" பார்த்துக் கொண்டாடியபோது, பிலிப்பைன்ஸ் ரசிகர்கள் 2022 ஜனவரி 8 வரை காத்திருந்தார்கள். கதையை யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து மூன்று வாரம் ஃபேஸ்புக் பக்கமே போகாத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஐமேக்ஸ், 3டி போன்ற சிறப்புத் திரைகளுக்கு விலக்கு உண்டு. மற்றபடி ஹாலிவுட், கொரியா, இந்தியா என்று எல்லா வெளிநாட்டுப் படங்களுக்கும் ஒரே விதிதான். எனவே கிறிஸ்துமஸ் விடுமுறையில் மணிலாவுக்கு வரும் சொந்தக்காரர்களிடம் ஹாலிவுட் படத்துக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பேருல மெட்ரோ மணிலான்னு இருக்கே அண்ணா, நான் டவாவோவுல படிக்கிறேன். இங்க வருமா?

வரும். விருது இரவும் ஊர்வலமும்தான் தலைநகரில். படங்கள் டவாவோ, செபு, பாகியோ எல்லா இடத்திலும் அதே நாளில் ரிலீஸாகும்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வை தம்பி. வார்டில் நோயாளிகளோடு பேசுவதற்காக நீ கற்றுக்கொண்டிருப்பது பிசாயா. படங்கள் அநேகமாக எல்லாமே டகாலோக். இரண்டும் வெவ்வேறு மொழிகள். உள்ளூர்க்காரர்களுக்கு டகாலோக் நன்றாகப் புரியும் என்பதால் தியேட்டரில் சிரிப்பொலி கேட்கும். நீ மட்டும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டிருப்பாய். டகாலோக் தெரிந்த ஒரு நண்பனோடு போவது நல்லது.

டிராஃபிக் போலீஸ் மாதிரி இருக்கிற எம்எம்டிஏ எதுக்கு சினிமா விழா நடத்துது?

முதல் தடவை கேட்டால் சிரிப்பு வரும் கேள்விதான். எம்எம்டிஏ என்பது மெட்ரோ மணிலா வளர்ச்சி ஆணையம். 16 நகரங்களும் பத்தேரோஸ் என்கிற ஒரே ஒரு நகராட்சியும் சேர்ந்த தலைநகர் வட்டாரத்துக்குப் போக்குவரத்து, வெள்ள வடிகால், குப்பை போன்ற பொது வேலைகளைப் பார்க்கும் அரசு அமைப்பு. நம் காரை ஓரங்கட்டி அபராதம் போடும் அதே ஆபீஸ்தான் சிறந்த நடிகைக்கான கோப்பையையும் கொடுக்கிறது.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1975-இல் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் ஆட்சியில் மெட்ரோ மணிலா என்கிற நிர்வாக வட்டாரமே புதிதாக உருவானது. அதன் ஆளுநர் அவர் மனைவி இமெல்டா மார்கோஸ். விழாவும் அதே ஆண்டில் தொடங்கியது. நிர்வாக அமைப்பின் பெயர் பிறகு இரண்டு முறை மாறி, 1995-இல் எம்எம்டிஏ ஆனது. விழா அந்த வம்சாவளியாகவே கைமாறி வந்திருக்கிறது. இதைச் சினிமா அமைப்பு ஒன்றிடம் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழும், அடங்கும். கொடுக்காததற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. அதைக் கேளிக்கை வரி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

சில இடத்துல 1966-ன்னு போட்டிருக்கு, சில இடத்துல 1975-ன்னு. எது சரி?

இரண்டும் சரி, இரண்டும் வெவ்வேறு விழாக்கள். 1966-இல் மணிலா மேயர் அந்தோனியோ வில்லேகாஸ் தொடங்கியது மணிலா திரைப்பட விழா. மணிலா நகரின் நாளான ஜூன் 24-ஐ ஒட்டி நடந்தது. அக்காலத்தில் நகரின் முதல்தரத் தியேட்டர்களில் ஹாலிவுட் படங்கள்தான் ஓடும். உள்ளூர்ப் படங்களுக்கு இரண்டாம்தரக் கொட்டகைகள். விழா நாட்களிலாவது அந்த நல்ல தியேட்டர்களைப் பிலிப்பினோ படங்களுக்கு விடவேண்டும் என்பதுதான் வில்லேகாஸின் யோசனை. அந்த முதல் விழாவில் சிறந்த படமானது ஹெரார்டோ டி லியோன் இயக்கிய "தாய்க்தீக் நங் மங்கா அபி".

1975-இல் தொடங்கியது எம்எம்எஃப்எஃப். 2024-இல் 50-ஆவது விழா நடந்தது. வில்லேகாஸின் பெயரில் எம்எம்எஃப்எஃப் இன்றும் ஒரு பண்பாட்டு விருது கொடுக்கிறது. வெளிப்படங்களை ஒதுக்கிவைக்கும் அந்த அடிப்படை யோசனையே அவருடையது என்பதால் அது நியாயமான மரியாதைதான்.

படத்தை யாரு செலக்ட் பண்றாங்க? எடுத்து முடிச்ச படமா, கதையா?

இரண்டுமே. வழக்கமாக ஒரு பாதி திரைக்கதை நிலையிலேயே தேர்வாகும். அந்த அறிவிப்பு ஆண்டின் நடுப்பகுதியில் வரும். அதன் பிறகுதான் ஷூட்டிங், அவசர அவசரமாக. மறு பாதி முடித்த படங்களிலிருந்து தேர்வாகும். அது அக்டோபர் வாக்கில் வெளிவரும். மொத்தம் எட்டுப் படங்கள் என்பது நீண்டநாள் வழக்கம். 2023-லும் 2024-லும் பத்தாக உயர்ந்து, 2025-இல் மறுபடி எட்டுக்கு வந்தது.

அளவுகோல்தான் சுவாரசியம். 2016-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அறிவித்தபடி கலைத்தரத்துக்கு 40 சதவீதம், வணிக ஈர்ப்புக்கு 40 சதவீதம், பிலிப்பினோ பண்பாட்டு உணர்வுக்கு 10, உலக ஈர்ப்புக்கு 10. படம் எடுப்பதற்கு முன்பே அதன் வணிக ஈர்ப்பைத் திரைக்கதையில் எப்படி அளப்பார்கள்? வேறு வழியில்லாமல் நடிகர் பட்டியலைப் பார்த்துத்தான். பெரிய நட்சத்திரம், பெரிய கம்பெனி என்றால் பாதிக் கிணறு அங்கேயே தாண்டியாயிற்று. கதையை மட்டும் நம்பி வரும் சின்னத் தயாரிப்பாளர் முடித்த படத்தோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

லாரி மேல செட்டு போட்டு நடிகர்ங்க ஊர்வலம் போறாங்களே, அது எதுக்கு? எங்க நின்னு பார்க்கலாம்?

விளம்பரத்துக்கு. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அலங்கார வண்டி; கோவில் தேர் போல நகர்ந்து வரும், மேலிருந்து நட்சத்திரங்கள் கையசைப்பார்கள், சின்னச்சின்னப் பரிசுகளை வீசுவார்கள். சிறந்த வண்டிக்கு விருது இரவில் பரிசும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் நடக்கும்; பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு நகரம் நடத்தும். 2024-இல் மணிலா நகரம் நடத்தியது. 2021-இல் கொரோனா காரணமாகப் பாசிக் ஆற்றில் படகு ஊர்வலமாக்கிவிட்டார்கள்.

பார்க்கப் போவதானால் தொடங்கும் இடத்தில் முட்டி மோதாமல் வழியின் நடுப்பகுதியில் நில்லுங்கள். குடை கூடாது, பின்னால் நிற்பவர் திட்டுவார், தொப்பி போதும். அன்று அந்தப் பக்கம் காரில் போக நினைக்கவே வேண்டாம். போக்குவரத்தைச் சரிசெய்ய வேண்டிய ஆபீஸ்தான் அன்று சாலையை மூடுகிறது.

எல்லாரும் 2016, 2016-ன்னு பேசுறாங்களே, அந்த வருஷம் அப்படி என்னதான் நடந்துச்சு?

கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்கவேண்டும். 2015-இல் எரிக் மட்டி இயக்கிய "ஹானர் தை ஃபாதர்" படத்தை, விருது இரவுக்கு முந்தைய நாள் சிறந்த படத்துக்கான போட்டியிலிருந்து நீக்கினார்கள். அது முன்பே வேறொரு விழாவின் தொடக்கப் படமாகத் திரையிடப்பட்டது என்பது சொன்ன காரணம். அதை முன்கூட்டியே தெரிவித்துவிட்டோம் என்றது படக்குழு. விவகாரம் நாடாளுமன்ற விசாரணை வரை போனது. ஆண்டுதோறும் அதே தொடர் நகைச்சுவை, அதே தொடர் பேய்ப்படம் என்ற அலுப்பும் சேர்ந்துகொள்ள, விழாவைப் புரட்டிப்போட வேண்டும் என்ற குரல் வலுத்தது.

2016-இல் புரட்டியே போட்டார்கள். திரைக்கதைத் தேர்வு ரத்து; முடித்த படங்கள் மட்டும். பட்டியல் வந்தபோது ஊரே வாய்பிளந்தது. காமெடி நட்சத்திரம் வைஸ் காண்டா படம் இல்லை, இன்னொரு காமெடி நட்சத்திரமான விக் சோட்டோவின் "எந்தெங் கபிசோதே" தொடர் படமும் இல்லை. கிறிஸ்துமஸ் என்றாலே இந்த இருவர்தான் என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பெரிய ஏமாற்றம். இருவரின் படங்களும் நவம்பர் 30-க்கே வெளியாகிவிட்டன. விழாவில் வந்தவை வேறு ரகம்: பத்தாண்டுக்கு மேல் உழைத்து முடித்த, அனிமேஷன் கலந்த "சேவிங் சாலி", இறந்துபோன திருநங்கை ஒருவரின் வாழ்க்கையைச் சொன்ன "டை பியூட்டிஃபுல்", ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்யும் பிலிப்பினோப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை நடத்தும் அழகிப் போட்டியைப் படம்பிடித்த ஆவணப்படம் "சண்டே பியூட்டி குயின்". இந்த மூன்றாவதுதான் சிறந்த படம் ஆனது. கிறிஸ்துமஸ் அன்று மால் தியேட்டரில் ஓர் ஆவணப்படம்! அதற்கு முன் நடக்காதது.

மொத்த வசூல் முந்தைய ஆண்டைவிட நன்றாகக் குறைந்தது. தியேட்டர்காரர்கள் முணுமுணுத்தார்கள். 2017-இல் பாதித் திரைக்கதை, பாதி முடித்த படம் என்று மாற்றினார்கள். திரைக்கதையில் தேர்வான முதல் நான்கின் அறிவிப்பு வந்ததும், எழுத்தாளர் ரிக்கி லீ உள்ளிட்ட மூன்று பேர் செயற்குழுவிலிருந்து விலகினார்கள். அவர்கள் விலகியது சரி என்பது என் கட்சி. ஆனால் அகினால்டோ காசோடு வரும் எட்டு வயதுப் பையனுக்கு 2016-இல் என்ன இருந்தது என்று கேட்பவர்களுக்கும் என்னிடம் உறுதியான பதில் இல்லை.

வசூலைப் பார்த்துத்தான் சிறந்த படம் விருது குடுக்கிறாங்களாமே?

ஒரு காலத்தில் அப்படியும் நடந்தது. 2006-இல் விருதுக் கணக்கில் வசூலுக்கும் பெரிய எடை கொடுத்தார்கள். "எந்தெங் கபிசோதே 3" சிறந்த படமானது. மாயாஜாலக் குடும்பக் காமெடி. பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் விருது இரவு ரிலீஸான சில நாட்களில் நடக்கிறது. முதல் இரண்டு நாள் கூட்டத்தை வைத்துக் கலைத்தரத்தை எடைபோட்டால் பிறகு நடுவர்கள் எதற்கு? எதிர்ப்பு கிளம்பியது, பிறகு அந்த முறை கைவிடப்பட்டது.

இப்போது விருதுக்கு வசூல் அளவுகோல் இல்லை. தேர்வில் மட்டும்தான் வணிக ஈர்ப்பு எட்டிப்பார்க்கிறது. அதை மேலே சொல்லிவிட்டேன்.

எந்தப் படத்துக்குமே விருது இல்லைன்னு அறிவிச்ச வருஷம் உண்டா?

உண்டு. 1986-லும் 1994-லும் நடுவர்கள் சிறந்த படம் என்று எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. சிறந்தது என்று சொல்லத் தகுதியான படம் இல்லை என்பது அவர்கள் முடிவு. 1978-இல் வேறொரு கூத்து: சிறந்த நடிகர், சிறந்த நடிகை என்ற இரண்டு விருதுகளுக்குப் பதிலாகச் சிறந்த நடிப்புக்கு ஒரே விருது என்றார்கள். "அத்சாய்" படத்துக்காக நோரா ஔனோர் வாங்கினார். போட்டியில் இருந்த வில்மா சாந்தோஸின் ரசிகர்கள் அதை இன்றும் மறக்கவில்லை. நோராவா வில்மாவா என்பது அங்கே இரண்டு தலைமுறையாக நடக்கும் வழக்கு. வயதான பிலிப்பினோ அம்மாக்கள் கூடியிருக்கும் இடத்தில் தெரியாமல்கூட ஒரு பக்கம் சாய்ந்துவிடாதீர்கள்.

விருது மேடையிலயே பேரை மாத்தி வாசிச்சு ஏமாத்தினாங்களாமே? அது எம்எம்எஃப்எஃப் தானே?

இல்லை, அது மணிலா திரைப்பட விழா. 1966-இல் வில்லேகாஸ் தொடங்கியதாகச் சொன்னேனே, அந்த ஜூன் மாத விழா. 1994-இல் சிறந்த நடிகர், நடிகை விருதுகளுக்கு உறையில் இருந்த பெயர்கள் எடு மன்ஸானோ, ஐகோ மெலெண்டெஸ். மேடையில் வாசித்தது வேறு பெயர்கள். உண்மை சீக்கிரமே வெளியே வந்து, கோப்பைகள் உரியவர்களுக்குப் போய், வழக்கும் நடந்தது. சிறந்த படம் இல்லை என்று எம்எம்எஃப்எஃப் அறிவித்ததும் அதே 1994-தான் என்பதால் பலர் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள்.

எம்எம்எஃப்எஃப் கொடுத்த விருதைத் திரும்பப் பெற்ற சம்பவம் வேறு. 2016-இல் "ஓரோ" படத்தின் ஷூட்டிங்கில் உண்மையாகவே ஒரு நாய் கொல்லப்பட்டது தெரியவந்ததும், அதற்குக் கொடுத்த பெர்னாண்டோ போ ஜூனியர் நினைவு விருதைப் பறித்தார்கள்.

25-ந்தேதி ஒரு படம் பார்த்து வச்சேன், 27-ந்தேதி போனா தியேட்டர்லயே இல்ல. தூக்கிட்டாங்களா?

தூக்கிவிட்டார்கள். ஹாலிவுட்டிடமிருந்து காப்பாற்றக் கதவைச் சாத்திய விழா, உள்ளே பெரிய படம் சின்னப் படத்தை விழுங்குவதைத் தடுப்பதில்லை. முதல் நாள் கூட்டம் இல்லையென்றால் மறுநாளே அந்தத் திரை ஓடுகிற படத்துக்குப் போய்விடும். தியேட்டர்காரருக்கு அது வருடத்தின் மிகப் பெரிய வாரம். காலி நாற்காலியை வைத்துக்கொண்டிருக்க மாட்டார்.

இதற்கு நல்ல உதாரணம் 2017-இல் வந்த "ஆங் லரவான்". நிக் ஹோவாகினின் புகழ்பெற்ற நாடகத்தை வைத்து எடுத்த இசைப்படம். கிறிஸ்துமஸுக்கு மறுநாளே பல தியேட்டர்கள் அதை எடுத்துவிட்டன. 27-ஆம் தேதி அது சிறந்த படம் விருதை வாங்கியது. உடனே ஜனம் கேட்க ஆரம்பித்தது. எடுத்த தியேட்டர்களில் சில திரும்பப் போட்டன. விருது இரவை இவ்வளவு சீக்கிரம் வைப்பதன் பயன் இதுதான்: கோப்பை ஒரு படத்தின் ஆயுளை நிஜமாகவே நீட்டுகிறது.

ஆகவே நான் எல்லோருக்கும் சொல்வது: சின்னப் படத்தை முதல் இரண்டு நாளில் பாருங்கள். வைஸ் காண்டா எங்கும் போய்விட மாட்டார். அவர் படம் ஜனவரியிலும் ஓடும்.

டிக்கெட் எவ்வளவு? சப்டைட்டில் போடுவாங்களா?

சாதாரண மால் தியேட்டரில் 300 பெசோவுக்கு மேல்; நல்ல திரை என்றால் 400-ஐத் தொடும், தாண்டும். 2024 ஜூலையில் தலைநகர் வட்டாரத்தின் தினக்கூலி குறைந்தபட்சம் 645 பெசோ ஆனது என்பதோடு சேர்த்துப் பாருங்கள்: கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் படம் பார்க்க இரண்டு நாள் கூலி போய்விடும். முன்பெல்லாம் குடும்பங்கள் விழாவில் மூன்று நான்கு படம் பார்க்கும்; இப்போது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. அந்த ஒன்று தெரிந்த முகம் நடித்ததாகவே இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

50-ஆவது ஆண்டுக்காக 2024 செப்டம்பர், அக்டோபரில் பழைய எம்எம்எஃப்எஃப் படங்களை 50 பெசோ டிக்கெட்டுக்குத் திரையிட்டது நல்ல காரியம். ஆண்டுதோறும் செய்யலாம்.

ஆங்கில சப்டைட்டில் சில படங்களில் இருக்கும், பலவற்றில் இருக்காது. கவுன்டரில் கேட்டுவிட்டு வாங்குங்கள். வசனத்தில் ஆங்கிலம் தாராளமாகக் கலந்துவரும் என்பதால் குடும்பக் கதை என்றால் சமாளித்துவிடலாம். நகைச்சுவைப் படத்துக்குத்தான் மொழி தெரிந்திருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் படம்னு நம்பி குழந்தைங்கள கூட்டிட்டுப் போகலாமா?

நம்பாதீர்கள். பேய்ப்படம் இங்கே கிறிஸ்துமஸ் மரபு. "ஷேக், ராட்டில் அண்ட் ரோல்" வரிசையின் முதல் படமே 1984 எம்எம்எஃப்எஃப்பில்தான் வந்தது. 2025-இலும் அதில் ஒன்று விழாவில் இருந்தது. 2022-இல் சிறந்த படமானதும் "டிலீட்டர்" என்ற திகில் படம். போஸ்டரில் தணிக்கை வாரியத்தின் குறியீட்டைப் பாருங்கள்: ஜி என்றால் எல்லோருக்கும்; பிஜி என்றால் பெற்றோர் துணையோடு; ஆர்-13, ஆர்-16, ஆர்-18 என்றால் அந்த வயதுக்குக் குறைந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இவ்வளவு வசூல் ஆகுதே, அந்தக் காசெல்லாம் எங்க போகுது?

டிக்கெட் பணம் வழக்கம்போல தியேட்டருக்கும் தயாரிப்பாளருக்கும் பிரியும். விழாவுக்குப் போவது கேளிக்கை வரி. விழா நாட்களில் தலைநகர் வட்டாரத்தின் நகரங்கள் தங்களுக்கு வரவேண்டிய அந்த வரியை விட்டுக்கொடுக்கின்றன. அந்தத் தொகை திரைத்துறை அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. முக்கியமானது மோவெல்ஃபண்ட். பின்னாளில் நாட்டின் அதிபரான நடிகர் ஜோசப் எஸ்ட்ராடா 1974-இல் தொடங்கிய திரைத் தொழிலாளர் நல நிதி. லைட்பாய், ஸ்டண்ட் கலைஞர், மேக்கப் போடுபவர் ஆகியோரின் மருத்துவச் செலவுக்கு அது உதவுகிறது.

எம்எம்டிஏ ஏன் விழாவை விடாமல் வைத்திருக்கிறது என்பதன் நடைமுறைக் காரணம் இங்கே இருக்கிறது. பதினேழு உள்ளாட்சிகளிடம் வரியை விட்டுக்கொடுக்கச் சொல்ல, அவற்றின் மேயர்கள் உட்காரும் மன்றத்தைக் கையில் வைத்திருக்கும் அமைப்பால்தான் முடியும். எவ்வளவு வந்தது, யாருக்கு எவ்வளவு போனது என்ற கேள்வி மட்டும் நாடாளுமன்றத்தில் ஒரு தடவைக்கு மேல் எழுந்திருக்கிறது. கணக்கு பளிச்சென்று வெளியே வைக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

சினிமலாயா, பிபிபி-ன்னு வேற பேரெல்லாம் கேள்விப்படுறேன். எல்லாம் ஒண்ணுதானா?

வேறு வேறு. சினிமலாயா 2005-இல் பிலிப்பைன்ஸ் பண்பாட்டு மையத்தில் தொடங்கியது. சுயாதீனப் படங்களுக்கு நிதி கொடுத்து எடுக்கவைக்கும் விழா. முதல் கேள்வியில் சொன்ன கோவா மாதிரியான அனுபவம் வேண்டுமானால் இதற்குப் போங்கள். பெரும்பாலும் ஆகஸ்டில் வரும். பிபிபி என்பது பிஸ்தா நங் பெலிகுலாங் பிலிப்பினோ. அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2017 ஆகஸ்டில் தொடங்கியது. 12 பிலிப்பினோ படங்கள், ஒரு வாரம், வெளிப்படம் இல்லை. எம்எம்எஃப்எஃப் சூத்திரம், கிறிஸ்துமஸ் மட்டும் இல்லை. 2023 ஏப்ரலில் எம்எம்எஃப்எஃப்பே ஒரு கோடைப் பதிப்பை நடத்திப் பார்த்தது. டிசம்பர்க் கூட்டம் ஏப்ரலில் வரவில்லை. காரணம் இரண்டாம் கேள்வியில் இருக்கிறது.

ஊர்ல இருந்து பார்க்கணும்னா எந்தப் படத்துல தொடங்கலாம்? கிடைக்குமா?

"ஹிமாலா", யோசிக்கவே வேண்டாம். 1982 எம்எம்எஃப்எஃப்பின் சிறந்த படம். இயக்கம் இஷ்மயேல் பெர்னால், எழுத்து ரிக்கி லீ, நடிப்பு நோரா ஔனோர். வறண்டுபோன கிராமத்தில் ஒரு பெண் தனக்கு மாதா காட்சி தந்ததாகச் சொல்கிறாள். நோயாளிகள் வருகிறார்கள், யாத்ரீகர்கள் வருகிறார்கள், பின்னாலேயே வியாபாரிகளும் வருகிறார்கள். சாமியாடி வாக்குச் சொல்லும் ஊர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் அந்நியமாக ஒன்றும் இல்லை. பெர்லின் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போன படம். 2012-இல் டிஜிட்டலாகச் சீரமைத்துவிட்டார்கள் என்பதால் நல்ல பிரதி கிடைக்கிறது. நோரா 2025 ஏப்ரலில் காலமானபோது எல்லோரும் திரும்பப் பார்த்ததும் இதைத்தான். 2024 விழாவில் இதே கதை "இசாங் ஹிமாலா" என்ற இசைப்படமாக வந்தது.

அடுத்து 1976-இன் "கனித்தோ கமி நூன், பானோ கயோ ஙயோன்?", 1981-இன் "கிசப்மத்தா", 1998-இன் "ஹோசே ரிஸால்". நடுவில் ஒன்று: "கிசப்மத்தா" ஒரு போலீஸ் தந்தையின் வீட்டுக்குள் நடக்கும் கதை, தனியாக இரவில் பார்க்காதீர்கள். புதியவற்றில் "ஃபேன் கேர்ள்", 1872-இல் ஸ்பானியர்கள் கொன்ற மூன்று பாதிரியார்களைப் பற்றிய "கோம்பூர்ஸா", 2024-இன் சிறந்த படமான "கிரீன் போன்ஸ்". விழா முடிந்து சில மாதத்தில் பல படங்கள் ஓடிடிக்கு வந்துவிடும். 2023 டிசம்பரில் ரிலீஸான "ரீவைண்ட்" 2024 மார்ச்சிலேயே நெட்ஃபிளிக்ஸில் வந்தது.

கடைசியா ஒண்ணு. இப்படி ஹாலிவுட்டத் தள்ளி வச்சாத்தான் பிலிப்பினோ படம் ஓடும்னா, அது பலவீனம் இல்லையா?

இதைக் கேட்பவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஆண்டின் மற்ற ஐம்பது வாரமும் ஹாலிவுட் திரைகளைப் பிடித்துக்கொள்வதை யாரும் பலவீனம் என்று சொல்வதில்லை. இரண்டு வாரம் உறுதியாகத் திரை கிடைக்கும் என்பதால்தான் சில தயாரிப்பாளர்கள் வரலாற்றுப் படத்துக்கும் இசைப்படத்துக்கும் பணம் போடத் துணிகிறார்கள். 2023-இல் விழாவின் மொத்த வசூல் 100 கோடி பெசோவைத் தாண்டியது. கொரோனாவில் இழுத்து மூடிய தியேட்டர்களுக்கு அது உயிர் கொடுத்தது. அந்த ஆண்டின் "ரீவைண்ட்" 90 கோடி பெசோவுக்கு மேல் வசூலித்து, அதுவரை வந்த பிலிப்பினோ படங்களில் முதலிடம் பிடித்தது.

ஆனால் உங்கள் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. அந்த 100 கோடியில் பெரும்பங்கு ஒரே படத்துக்குப் போனது. மற்ற ஒன்பது படங்கள் மிச்சத்தைப் பங்குபோட்டன. தூக்கிவிட்டார்களா என்று கேட்டவருக்குச் சொன்ன பதில்தான் இங்கேயும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்க விதி இருக்கிறது. ஒவ்வொரு விழாப் படத்துக்கும் இத்தனை திரை, இத்தனை நாள் என்று உறுதி கொடுக்கும் வலுவான விதிதான் வேண்டும். இன்னொன்று, "ரீவைண்ட்" சாதனையை ஓராண்டுக்குள் முறியடித்த "ஹலோ, லவ், அகெய்ன்" விழாவில் வந்த படமே இல்லை. 2024 நவம்பரில், எந்தத் தடுப்பும் இல்லாமல், ஹாலிவுட் படங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது வந்தது.